விண்டோஸில் கோப்புறைகள் நான் அமைத்த தோற்றத்திலேயே எப்போதும் திறக்கும்படி செய்வது எப்படி?

கேள்வி கேட்டவரின் நிலை எனக்கு நன்றாகவே புரிகிறது. எல்லாக் கோப்புறைகளும் விவரப் பட்டியலாகத் தெரியவேண்டும் என்று அமைத்து வைக்கிறீர்கள். மறுநாள் ஒன்று பெரிய பெரிய படங்களாகத் திறக்கிறது, இன்னொன்று கேள்விப்படாத நெடுவரிசைகளோடு திறக்கிறது, கோப்புறைகளைக் காட்டும் எக்ஸ்புளோரரைத் திறந்தாலோ நீங்கள் கேட்காத ஹோம் பக்கம் வந்து நிற்கிறது. இதையெல்லாம் சரிசெய்ய முடியும். "இதெல்லாம் ஒரு பிரச்சினையா, இரண்டு முறை சொடுக்கினால் மாறிவிடப் போகிறது" என்று கருத்துப் பகுதியில் எழுதப்போகிறவர்களுக்கு மட்டும் முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். நாளொன்றுக்கு நான்கு கோப்புகளைத் திறப்பவருக்கு இது பிரச்சினையே இல்லை. நாள் முழுவதும் கோப்புறைகளுக்குள்ளேயே புழங்கிச் சம்பாதிப்பவருக்கு இது எவ்வளவு தூரம் போகும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

நேர்காணல்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கித் தருவது என் தொழில். அப்போது 42 நேர்காணல்கள் கொண்ட பணியொன்றைச் செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு நேர்காணலுக்கும் ஒரு கோப்புறை, அதில் ஓர் ஒலிக்கோப்பு, இரண்டு மூன்று வரைவுகள் என்று வைத்திருந்தேன். எல்லாமே விவரப் பட்டியலாக, கடைசியாகத் திருத்திய நாளின்படி, புதியது மேலே இருக்கும்படி அமைத்திருந்தேன். மேலே இருப்பதை எடுத்து அனுப்புவது மாதக் கணக்கில் கைக்குப் பழகிவிட்ட காரியம்.

அந்த வாரம் ஒரு நீண்ட பதிவைக் கேட்பதற்கு வசதியாகப் பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாக வெட்டி, அதே கோப்புறையில் போட்டிருந்தேன். இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது பெயருக்குப் பக்கத்தில் நாளும் இல்லை, அளவும் இல்லை. அவற்றின் இடத்தில் பாடல் எண், தலைப்பு, பங்களித்த கலைஞர்கள், ஆல்பம் என்ற நெடுவரிசைகள் வெறுமையாக நின்றன. தன் இளமைக் காலத்தை நினைவுகூரும் ஒரு முதியவரின் பேச்சுக்கு ஆல்பம் ஏது? அவசரத்தில் அதைப் பொருட்படுத்தவில்லை. வரிசை நாளின்படி இல்லாமல் பெயரின்படி மாறியிருந்ததையும் கவனிக்கவில்லை. அகர வரிசையில் 'இறுதி' என்ற கோப்பு முன்னால் வந்து நின்றது; அதற்குப் பின் நான் வேலை செய்த 'திருத்தியது புதிய' என்ற கோப்பு கீழே போயிருந்தது. 'இறுதி'யை அனுப்பிவிட்டேன். பேசியவர் நீக்கச் சொல்லியிருந்த ஒரு பத்தி அதில் அப்படியே இருந்தது. பணியைக் கொடுத்தவர் தொலைபேசியில் உரக்கப் பேசவில்லை. மிகவும் மெதுவாகப் பேசினார், அதைத்தான் தாங்க முடியவில்லை.

கோப்புக்கு ஒழுங்காகப் பெயர் வைக்கத் தெரியாதவன் என்று என்னைச் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன், இப்போது ஆண்டு, மாதம், நாள் என்ற எண்களோடுதான் பெயர் வைக்கிறேன். ஆனாலும் நான் அமைத்து வைத்த தோற்றத்தை என்னைக் கேட்காமல் மாற்றியது என் தவறாகாது.

மறுநாள் கணினி பழுது பார்க்கும் ஒருவரிடம் காட்டினேன். ஒரு நிமிடம்கூடப் பார்க்காமல், விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும் என்றார், போட்டும் கொடுத்தார். பல ஆண்டுகளாக நான் சேர்த்து வைத்திருந்த தட்டச்சுச் சுருக்கங்களின் பட்டியல் அதோடு போயிற்று. மூன்றாம் நாள் அதே கோப்புறை அதே ஆல்பம் நெடுவரிசையோடு திறந்தது. எதைக் கொண்டுபோனாலும் அழித்துப் போடலாம் என்கிற இந்த வைத்தியத்தைப் பற்றித் தனியாக ஒரு பதில் எழுதும் அளவுக்கு என்னிடம் ஆத்திரம் இருக்கிறது. அதைத் தவிர்த்துக் காரியத்துக்கு வருகிறேன்.

உண்மையில் நடப்பது இதுதான். எக்ஸ்புளோரர் சாதாரணக் கோப்புறை ஒவ்வொன்றையும் ஐந்து வகைகளில் ஒன்றாகக் கருதுகிறது: பொது, ஆவணங்கள், படங்கள், இசை, காணொளிகள். நாம் எதுவும் சொல்லாவிட்டால், உள்ளே இருக்கும் கோப்புகளைப் பார்த்து வகையைத் தானே ஊகித்துக்கொள்கிறது. ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி நெடுவரிசைகளும் வரிசை முறையும் உண்டு. நான் வெட்டிப் போட்ட ஒலித்துண்டுகள் வரைவுகளைவிட எண்ணிக்கையில் மிகுந்துபோனதால், அது இசைக் கோப்புறை என்று தீர்மானித்துவிட்டது. உங்கள் கோப்புறையில் நிழற்படங்கள் கூடினால் பெரிய படங்களாகத் திறப்பதும் இதே காரணத்தால்தான்.

ஃபோல்டர் ஆப்ஷன்ஸ் என்ற எக்ஸ்புளோரர் அமைப்புகளில் வியூ என்ற தாவலின் கீழ் இருக்கும் 'அப்ளை டு ஃபோல்டர்ஸ்' பொத்தானை நீங்களும் அழுத்திப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எல்லோரும் ஏமாறும் இடம் அது. அந்தப் பொத்தான் நீங்கள் நிற்கும் கோப்புறையின் தோற்றத்தை அதே வகையைச் சேர்ந்த கோப்புறைகளுக்கு மட்டுமே கொண்டுசெல்கிறது. பொது வகையில் நின்று அழுத்தினால் இசை வகைக்கு அது எட்டவே எட்டாது. நான் இதை அறியாமல் எத்தனை முறை அழுத்தியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

ஆகவே முதலில் வகையைச் சரிசெய்ய வேண்டும். தொல்லை தரும் கோப்புறை ஒன்றிரண்டுதான் என்றால், அதன் மேல் வலச் சொடுக்குச் செய்து பிராப்பர்ட்டீஸ், அதில் கஸ்டமைஸ் தாவல் என்று சென்று, 'ஆப்டிமைஸ் திஸ் ஃபோல்டர் ஃபார்' என்ற இடத்தில் 'ஜெனரல் ஐட்டம்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். உட்கோப்புறைகளுக்கும் பொருத்துவதற்கான சிறு பெட்டி அதன் கீழேயே இருக்கிறது, அதிலும் குறியிடுங்கள். என் 42 கோப்புறைகளும் ஒரே தாய்க் கோப்புறையின் கீழ் இருந்ததால் எனக்கு இதுவே போதுமானதாக இருந்தது. அதன் பிறகு ஒரு கோப்புறையை நாள் வரிசையில் அமைத்து, அங்கே நின்றபடி அந்தப் பொத்தானை அழுத்தினால் மற்றவையும் வழிக்கு வரும். விண்டோஸ் 11இல் ஃபோல்டர் ஆப்ஷன்ஸ், மேல்பட்டையில் உள்ள மூன்று புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கிறது.

ஊகிக்கும் பழக்கத்தையே அடியோடு நிறுத்த விரும்புகிறவர்கள், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரிக்குள் இறங்க வேண்டியிருக்கும். கரண்ட் யூசர் கிளையில் சாஃப்ட்வேர், கிளாசஸ், லோக்கல் செட்டிங்ஸ், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஷெல் என்று போனால் 'பேக்ஸ்', 'பேக்எம்ஆர்யூ' என்று இரண்டு இருக்கும். நாம் திறந்த கோப்புறைகளின் தோற்றத்தை விண்டோஸ் நினைவில் வைத்திருப்பது இவற்றில்தான். பேக்ஸின் கீழ் 'ஆல்ஃபோல்டர்ஸ்', அதன் கீழ் 'ஷெல்' என்று உருவாக்கி, 'ஃபோல்டர்டைப்' என்ற பெயரில் ஒரு ஸ்ட்ரிங் மதிப்பைச் சேர்த்து, அதற்கு 'நாட்ஸ்பெசிஃபைட்' என்று இடைவெளியில்லாமல் கொடுத்தால் ஊகம் நின்றுவிடும். பழைய நினைவுகளையும் துடைக்க வேண்டுமானால், மதிப்பைச் சேர்ப்பதற்கு முன் பேக்ஸ், பேக்எம்ஆர்யூ இரண்டையும் நீக்கிவிட்டு, பேக்ஸிலிருந்து புதிதாக உருவாக்கிக்கொள்ளலாம். முடிந்ததும் டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்புளோரரை மறுதொடக்கம் செய்யுங்கள். எதைத் தொடுவதற்கு முன்னும் ஷெல் கிளையை எக்ஸ்போர்ட் செய்து ஒரு பிரதி எடுத்து வையுங்கள். இந்தப் பகுதியைப் படிக்கும்போதே பயமாக இருந்தால் செய்யாதீர்கள்; முந்தைய வழியே உங்களுக்குப் போதும்.

தோற்றம் கோப்புறைக்குள் சேமிக்கப்படாமல் இந்த ரெஜிஸ்ட்ரியில், அதுவும் உங்கள் பயனர் கணக்கில், இருப்பதால், கோப்புறையை வேறு கணினிக்குக் கொண்டுபோனால் தோற்றம் உடன் வராது. மேக் கணினியில் இது வேறு விதம்: அங்கே எக்ஸ்புளோரரின் இடத்தில் இருக்கும் ஃபைண்டர் ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் 'டிஎஸ் ஸ்டோர்' என்ற மறைகோப்பில் எழுதி வைக்கிறது. மேக் வைத்திருக்கும் நண்பர் பென்டிரைவில் தரும் கோப்புகளோடு ஒட்டிக்கொண்டு வரும் அந்த விசித்திரமான கோப்பு அதுதான். "மேக்குக்கு மாறுங்கள்", "எக்ஸ்புளோரருக்குப் பதிலாக டோட்டல் கமாண்டர் போடுங்கள்" என்று சொல்ல வருபவர்களுக்கு: இரண்டுமே நல்லவைதான், ஆனால் கேட்டவர் அதைக் கேட்கவில்லை.

கோப்புப் பெயரின் பின்னொட்டை மறைக்கும் 'ஹைட் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்ற குறியையும் வியூ தாவலில் எடுத்துவிடுங்கள். 2000ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய 'ஐ லவ் யூ' நச்சுநிரல் சாதாரண எழுத்துக்கோப்பு போலத் தோற்றமளித்ததற்கு, அது ஒரு நிரல் என்று காட்டும் விபிஎஸ் என்ற கடைசிப் பின்னொட்டு இயல்பாகவே மறைந்திருந்ததும் ஒரு காரணம்.

ஹோம் பக்கம் வருவதை நிறுத்துவது எல்லாவற்றிலும் எளிது. அதே ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் ஜெனரல் தாவலின் முதல் வரியிலேயே, எதைத் திறக்க வேண்டும் என்று கேட்கும் இடத்தில் 'திஸ் பிசி' என்று மாற்றிவிடலாம். நேராக உங்கள் பணிக் கோப்புறையே திறக்க வேண்டுமென்றால், அதற்கு ஒரு ஷார்ட்கட் உருவாக்கி, இலக்கு என்ற இடத்தில் எக்ஸ்புளோரர் டாட் இஎக்ஸ்இ என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, கோப்புறையின் முழுப் பாதையையும் மேற்கோள் குறிகளுக்குள் கொடுங்கள். நான் காலையில் முதலில் அழுத்துவது அதைத்தான்.

ஊகத்தை நிறுத்திய பிறகும் டவுன்லோட்ஸ் மட்டும் 'இன்று', 'நேற்று', 'சென்ற வாரம்' என்று குழுக்களாகவே தெரியும். அதற்கு விண்டோஸ் தனி வகை வைத்திருக்கிறது. அங்கே வெற்றிடத்தில் வலச் சொடுக்குச் செய்து, குரூப் பை என்பதில் 'நன்' என்று கொடுங்கள்; மற்றவற்றிலிருந்து விலகி நிற்கும் அந்த ஒன்றும் பட்டியலாகிவிடும்.