பாதுகாப்பு உத்தரவு கேட்டால் கணவர் சிறைக்குப் போய்விடுவாரா?

கணவரைச் சிறைக்கு அனுப்ப விருப்பமில்லை, அடி உதை நின்றால் போதும், அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்த உங்கள் தோழிக்கும் அது பொருந்துமா என்பது உங்களின் இரண்டாவது கேள்வி.

வழி இருக்கிறது. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின்படி, நீதித்துறை நடுவர் முன்பு மனுத் தாக்கல் செய்யலாம். குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போனாலும் நீங்கள் கேட்பது உரிமையியல் நிவாரணம்தான் என்பதால், அந்த மனுவுக்காக யாரையும் கைது செய்ய மாட்டார்கள். விவாகரத்துக் கோர வேண்டிய கட்டாயமும் இல்லை. அடிக்கக் கூடாது, நீங்கள் வேலை செய்யும் இடத்துக்கோ குழந்தையின் பள்ளிக்கோ வரக் கூடாது, தொலைபேசியிலோ வாட்ஸ்அப்பிலோ தொடர்புகொள்ளக் கூடாது, உங்கள் நகைகளை விற்கக் கூடாது, உங்களுக்கு உதவும் உறவினர்களைத் தாக்கக் கூடாது என்றெல்லாம் 18ஆம் பிரிவின் கீழ் நடுவர் தடை விதிக்கலாம். எவையெவை தேவை என்பதை மனுவிலேயே தனித்தனியாகக் கேட்டுவிடுங்கள்.

வழக்கறிஞராக நான் இத்தகைய மனுக்களில் அதிக நேரம் செலவிடுவது சம்பவங்களை எழுதும் பகுதியில்தான். "அடிக்கடி கொடுமைப்படுத்தினார்" என்ற வரியிலிருந்து நடுவர் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. "தீபாவளிக்கு மறுநாள் இரவு, மகளின் டியூஷன் கட்டணத்தைக் கேட்டதற்காகக் குக்கர் மூடியால் இடது தோளில் அடித்தார், காலையில் அரசு மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டு வாங்கினேன்" என்று எழுதி, அந்தச் சீட்டின் நகலையும் இணைத்தால் மனுவுக்கு உயிர் வந்துவிடும். மிரட்டல் செய்திகளை அழித்துவிடாதீர்கள்.

முதல் விசாரணையை மூன்று நாளுக்குள் வைக்க வேண்டும், மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. ஆகவே, 23ஆம் பிரிவின் கீழ் இடைக்கால உத்தரவு கேட்டு, அதற்குரிய மூன்றாம் படிவத்தில் பிரமாண வாக்குமூலத்தையும் முதல் நாளே தாக்கல் செய்துவிடுவது மிக முக்கியம். ஆபத்து இருப்பதாக அதிலிருந்து நடுவருக்குத் தெரிந்தால், எதிர்த்தரப்பைக் கேட்பதற்கு முன்பே உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு.

பலர் காவல் நிலையத்தில் "இனிமேல் அடிக்க மாட்டேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கடிதத்தை மீறினார் என்பதற்காக மட்டும் யாரையும் தண்டிக்க முடியாது. நீதிமன்றத்தின் பாதுகாப்பு உத்தரவை மீறினால், 31ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அது பிணையில் விடத்தகாத குற்றமும்கூட. அவர் சிறைக்குப் போவாரா என்ற கேள்வி எழுவது உத்தரவை அவர் மீறும்போதுதான், அந்த முடிவு அவருடையது. உத்தரவின் நகல் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும். அதை எப்போதும் கையில் வைத்திருங்கள்.

வீடு மாமியார் பெயரில் இருக்கிறது என்று சொல்லி உங்களை விரட்டினால் அஞ்ச வேண்டாம். கணவரின் உறவினருக்குச் சொந்தமான வீடும் 'பகிர்ந்த இல்லமாக', அதாவது நீங்கள் வாழ்ந்ததால் தொடர்ந்து குடியிருக்க உரிமையுள்ள வீடாகக் கருதப்படலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தற்போது அம்மா வீட்டில் தங்கியிருந்தால் அந்த ஊர் நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம். மாவட்டச் சமூக நல அலுவலகத்தின் வழியே இந்தச் சட்டத்தின் கீழ் உதவுவதற்காக நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலரை அணுகலாம், 181 என்ற பெண்கள் உதவி எண்ணிலும் அழைக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு.

உங்கள் தோழியைப் பொறுத்தவரை, கோயம்புத்தூரில் தொடங்கிய வேலுசாமி - பச்சையம்மாள் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோலைப் பார்க்க வேண்டும். இருவரும் திருமணத்துக்குச் சட்டப்படி தகுதி உள்ளவர்களாக, கணவன் மனைவி போலவே ஊரார் அறியக் கணிசமான காலம் ஒரே வீட்டில் வாழ்ந்திருந்தால், இதே பாதுகாப்பு அவருக்கும் கிடைக்கும். ஒரே வீட்டில் வாழாமல் காதலித்து மட்டும் இருந்தால் இந்தச் சட்டம் பொருந்தாது. பிரிந்த பிறகும் அந்த ஆண் உங்கள் தோழியை விடாமல் பின்தொடர்ந்து வந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின் கீழ்க் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டும்.