செப்டம்பரில் சென்னை வழியாகப் பறக்க எந்த நேரம் நல்லது?

கேள்வி: நாங்கள் கோவையில் இருக்கிறோம். போன ஆகஸ்டில் மாலை விமானத்தில் சென்னைக்குக் கிளம்பினோம். சென்னைக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் சுற்றிவிட்டுப் பெங்களூரில் கொண்டுபோய் இறக்கினார்கள். மீனம்பாக்கத்தில் காத்திருந்த தம்பியோ, "இங்கே வெறும் தூறல்தான்" என்றான். இரவு பிடிக்கவேண்டிய சிங்கப்பூர் விமானமும் போய்விட்டது. வரும் செப்டம்பரில் அம்மாவை அழைத்துக்கொண்டு மறுபடி போகிறேன். எந்த நேர விமானத்தில் பதிவு செய்வது?

பதில்: காலை விமானம். நண்பகலுக்குள் சென்னையில் இறங்கிவிடுங்கள். தம்பி வீட்டில் சாப்பிட்டு, அம்மாவைக் கொஞ்ச நேரம் படுக்க வைத்துவிட்டு, இரவு விமானத்துக்குப் போகலாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னையில் இடிமழை பெரும்பாலும் மாலையிலும் இரவிலும்தான் வரும். காலையில் நிலத்திலிருந்து மேற்குக் காற்று வீசுகிறது, வெயில் ஏறுகிறது. மதியவாக்கில் கடற்காற்று உள்ளே நுழைகிறது. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் சூடான ஈரக்காற்று மேலே கிளம்பி, திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் மேகம் குவியும். உயரத்தில் வீசும் மேற்குக் காற்று அதை நகரத்தின் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். இந்த மேகங்கள் 15 கிலோமீட்டர் உயரம்கூடப் போகும். உங்கள் விமானத்தால் 12 கிலோமீட்டருக்கு மேல் போவது கடினம். ஆக, தாண்டிப் போக வழியில்லை, சுற்றித்தான் போகவேண்டும்.

தம்பி சொன்னது பொய்யில்லை. ஆனால் அவர் பார்த்தது வாகன நிறுத்தத்தின் மேலிருந்த வானத்தை. இறங்கும் விமானம் பதினைந்து இருபது கிலோமீட்டருக்கு முன்பே ஓடுபாதைக்கு நேராக வந்துவிடவேண்டும். கிழக்கு நோக்கி இறங்கும் நாளில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இடிமேகம் நின்றால், மீனம்பாக்கத்தில் தூறல்தான் என்பதால் ஒரு பயனும் இல்லை.

சொல்லப்போனால் மழைக்கு விமானி அவ்வளவாகப் பயப்படுவதில்லை. அவர் பயப்படுவது காற்றுக்கு. முற்றிய இடிமேகத்திலிருந்து குளிர்ந்த காற்று சில சமயம் மொத்தமாகக் கீழே விழும். குடத்துத் தண்ணீரைத் தரையில் கவிழ்த்தால் நாலா பக்கமும் ஓடுமே, அப்படி. அதற்குள் நுழையும் விமானத்துக்கு முதலில் எதிர்காற்று கிடைக்கும், கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். அடுத்த சில நொடிகளில் அதுவே பின்காற்றாக மாறி, இறக்கைக்குக் கிடைக்கும் தாங்கு விசையைப் பறித்துவிடும். தரைக்கு இருநூறு அடி உயரத்தில் இது நடந்தால் சமாளிக்க நேரமே இருக்காது. 1985 ஆகஸ்டில் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஒரு பெரிய பயணிகள் விமானம் இப்படித்தான் விழுந்தது. இதை முன்கூட்டியே கண்டு எச்சரிக்கும் ரேடார் பயணிகள் விமானங்களில் வந்ததற்கு அந்த விபத்து ஒரு முக்கியக் காரணம்.

இடிமேகம் காற்றின் திசையையும் திருப்பிவிடும். பல ஜெட் விமானங்களுக்குப் பின்காற்று 10 நாட், அதாவது மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர் வரைதான் அனுமதி. அதைத் தாண்டினால் ஓடுபாதையின் மறுமுனையிலிருந்து இறங்கவேண்டும். வரிசையில் நிற்கும் அத்தனை விமானங்களையும் திருப்பி அடுக்கவேண்டும். நீங்கள் சுற்றிய அரை மணியில் பாதி இதற்கே போயிருக்கலாம்.

அப்புறம் ஏன் பெங்களூர்? எரிபொருள் கணக்கு. மாற்று விமான நிலையத்துக்குப் போகத் தேவையான அளவும், அதற்கு மேல் முப்பது நிமிடம் பறக்கும் அளவும் எப்போதும் மிச்சம் இருக்கவேண்டும். அந்தக் கோட்டைத் தொட்டால் கிளம்பிவிட வேண்டியதுதான், சென்னையில் இன்னும் பத்து நிமிடத்தில் வானம் திறக்கும் என்று தெரிந்தாலும்கூட.

மாலை விமானம்தான் வாய்க்கிறது என்றால், கிளம்பும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, இந்திய வானிலைத் துறையின் இணையதளத்தில், மழைமேகங்களைக் காட்டும் சென்னை டாப்ளர் ரேடார் படம். நகரத்துக்கு மேற்கே சிவப்புத் திட்டுகள் வரிசை கட்டி நின்றால் தாமதத்துக்குத் தயாராகுங்கள். இரண்டாவது, விமான நிலையத்தின் மெட்டார் என்ற வானிலை அறிக்கை. சென்னைக்கு 'வி.ஓ.எம்.எம்.' என்ற குறியீடு, அரை மணிக்கு ஒருமுறை வரும். அதில் டி.எஸ். என்றால் இடிமழை, சி.பி. என்றால் இடிமேகம். காற்றின் வேகத்தை அடுத்து ஜி என்ற எழுத்தும் ஓர் எண்ணும் வந்தால் அது குப்பென்று அடிக்கும் காற்று. நேரம் கிரீன்விச் கணக்கில் இருக்கும், ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

காலை விமானம் என்ற இந்த யோசனையை ஜனவரிக்கு எடுத்துச் செல்லாதீர்கள். அப்போது விடியற்காலையில்தான் பனிமூட்டம். போகி அன்று புகையும் சேர்ந்துகொள்ளும். 2018 போகியில் விமானங்களைத் திருப்பிவிட நேர்ந்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை காலை, மாலை என்ற கணக்கே செல்லாது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் ஓடுபாதையில் ஏறி நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது. 2023 மிக்ஜாம் புயலிலும் மூடினார்கள். புயல் என்றால் நேரத்தை அல்ல, பயணத் தேதியையே மாற்றுங்கள்.

இனி பணம். கோவை–சென்னை, சென்னை–சிங்கப்பூர் இரண்டையும் ஒரே பி.என்.ஆரில் எடுங்கள். தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் தாமதித்து இரண்டாவது போய்விட்டால் நட்டம் உங்களுக்குத்தான். போன வருடம் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். வானிலையால் வரும் தாமதத்துக்கு இழப்பீடு கேட்க முடியாது. ரத்தானால் முழுப் பணமோ மாற்று விமானமோ கேட்கலாம்.

சிங்கப்பூரில் விடியற்காலை இறங்கும்போது கொஞ்சம் குலுங்கலாம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமாத்ரா பக்கமிருந்து இடிமழை வரிசையாக வருவது அங்கே வழக்கம், அதுவும் விடியலையொட்டி. அம்மாவுக்கு இறக்கைக்குப் பக்கத்து இருக்கையாக எடுங்கள், வால் பக்கத்தைவிட ஆட்டம் குறைவு. தூங்கும்போதும் பெல்ட் போட்டிருக்கட்டும். மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.