எட்டுத் தலையும் ஆடுகிறது

அன்புள்ள சார்,

செம்பூரில் வளர்ந்தவள் நான். லோயர் பரேலில் ஒரு விளம்பர ஏஜென்சியில் வேலை. ஆறு மாதமாக ஒரு கிரியேட்டிவ் டீம் என் பொறுப்பில் இருக்கிறது. எழுதுகிறவர்களும் வரைகிறவர்களுமாக எட்டுப் பேர். ரிவ்யூவில் நான் ஒரு ஐடியா சொன்னால் எட்டுத் தலையும் ஆடுகிறது. கீழே கட்டிங் சாய் குடிக்கும்போது மட்டும் வாய் ஓயாமல் பேசுகிறார்களாம். 'கல்ச்சரைச் சரி செய்' என்கிறது நிர்வாகம். வெள்ளிக்கிழமை பீட்ஸா, லோனாவ்லா ட்ரிப் எல்லாம் பார்த்தாயிற்று. போன வாரம், இருப்பதிலேயே நன்றாக எழுதும் பையன் 'சொந்தக் காரணம்' என்று ராஜினாமா கொடுத்துவிட்டான். என்ன செய்யட்டும்?

க., செம்பூர்

அன்புள்ள க.,

லோனாவ்லா போனதில் தப்பில்லை, சிக்கியாவது கிடைத்திருக்கும். ஆனால் ஒரு கிரியேட்டிவ் டீமின் கல்ச்சர் முடிவாகிற இடம் ரிவ்யூ அறைதான். ஒருவர் அரைகுறையாக ஒன்றை எழுதிக்கொண்டு வந்து காட்டுகிறார். அடுத்த ஐந்து நிமிடத்தில் அவருக்கு என்ன நடக்கிறது என்பதை மற்ற ஏழு பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் கல்ச்சர்.

'நான் ஒரு ஐடியா சொன்னால்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் முதலில் சொல்கிறீர்கள்? அப்ரைசல் எழுதுகிறவர் வாய் திறந்த பிறகு யார் மாற்றிப் பேசுவார்கள்? மும்பை ஏஜென்சிகளில் சார், மேடம் எல்லாம் கிடையாது, சேர்ந்த அன்றே எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அதனால் பயம் போய்விட்டதாக மேலே இருப்பவர்கள் நம்புகிறார்கள். இன்க்ரிமென்ட் யார் கையில் என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியும்.

எல்லாரும் கூடி உட்கார்ந்து ஐடியாக்களைக் கொட்டும் பிரெயின்ஸ்டார்மிங்கைப் பரப்பிய அலெக்ஸ் ஆஸ்பர்ன் நம் தொழில்காரர்தான். பிபிடிஓ ஏஜென்சியின் பெயரில் வரும் அந்த 'ஓ' அவர். 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் அந்த முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். நால்வர் கூடி உட்கார்ந்து சொன்னதைவிட, நால்வர் தனித்தனியே யோசித்ததைச் சேர்த்தபோது ஐடியாக்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தன. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும், காத்திருக்கும்போது தன் ஐடியா மேல் தனக்கே சந்தேகம் வந்துவிடும். எனவே கிளையன்டுக்கு என்ன வேண்டும் என்று சொல்லும் பிரீஃபைக் கொடுத்துவிட்டு ஒரு நாள் தனியாக விடுங்கள். எழுதியதைப் பெயர் போடாமல் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். அப்புறம் கூடிப் பேசட்டும். நீங்கள் கடைசியில் பேசுங்கள்.

அனிமேஷன் படங்கள் எடுக்கும் பிக்ஸாரில் 'பிரெயின் ட்ரஸ்ட்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கும் படத்தை மற்ற இயக்குநர்கள் பார்த்து, எங்கே படுத்துவிட்டது என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்வார்கள். ஆனால் அந்தக் குழுவுக்கு உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. முடிவு அந்தப் படத்தின் இயக்குநருடையது. சொன்னதைக் கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால்தான் தாராளமாகச் சொல்லவும் முடிகிறது, கேட்கவும் முடிகிறது. உங்கள் ஃபீட்பேக்கிலும் எது கருத்து, எது உத்தரவு என்று அங்கேயே பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

சண்டையில்லாத டீமைப் பார்த்து நிர்வாகம் சந்தோஷப்படலாம். அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை 1990களில் ஆராய்ந்தார் எமி எட்மண்ட்சன். நல்ல டீமில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். பதிவான தவறுகள் அங்கேதான் அதிகம். அங்கே மறைக்காமல் சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். எட்டுத் தலை ஆடுவதைப் பார்த்து நீங்கள் கவலைப்பட்டது சரிதான்.

அடுத்தது கிளையன்ட். அவர் திட்டும்போது 'பசங்க சொதப்பிட்டாங்க' என்று நழுவுகிற தலைவரிடம் யாரும் துணிந்து எதையும் காட்ட மாட்டார்கள். இதில் நம் ஊர் உதாரணம் அமுல். 1966இல் சில்வெஸ்டர் டா குன்ஹாவின் ஏஜென்சி அமுல் வெண்ணெயின் விளம்பர வேலையை எடுத்தது. ஒவ்வொரு விளம்பரத்துக்கும் தன்னிடம் ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை என்று விட்டுவிட்டார் அமுலை நடத்திய வர்கீஸ் குரியன். செய்தி சூடு ஆறுவதற்குள் அமுல் விளம்பரத்தின் அந்தக் கார்ட்டூன் சிறுமி மும்பை ஹோர்டிங்குகளில் ஏறியது அதனால்தான். அப்படிப்பட்ட கிளையன்ட் உங்களுக்கு வாய்க்க மாட்டார், சரி. உங்கள் டீமுக்கு நீங்கள் அப்படி இருக்கலாமே. ஒரு சின்ன பிராண்டின் சோஷியல் மீடியா போஸ்ட்களை, நீங்கள் பார்க்காமலே போகட்டும் என்று இருப்பதிலேயே இளையவர்கள் இருவரிடம் கொடுத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு மொக்கையாக வரும். வரட்டும்.

போகிற பையனை இப்போது கூப்பிட்டு வைத்துக் கேட்காதீர்கள். நோட்டீஸ் பீரியடில் யாரும் உண்மை சொல்வதில்லை. கம்பெனி கணக்கு முடித்துக் கொடுக்கும் ஃபுல் அண்ட் ஃபைனல் பணம் அவர் கணக்கில் ஏறி ஒரு மாதம் போகட்டும். மாட்டுங்காவில் ஃபில்டர் காபிக்கு வரச் சொல்லுங்கள். எந்த நாள், எந்த ரிவ்யூ என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். திரும்பி வரச்சொல்லி வற்புறுத்த வேண்டாம். காபிக் காசை நீங்களே கொடுங்கள், கம்பெனி பில்லில் போடாதீர்கள்.