புது ரவுட்டர் போட்டதிலிருந்து வாசல் கேமரா வைஃபையில் சேரவே இல்லை, என்ன செய்வது?

கடலூர் தேவனாம்பட்டினத்தில் வீடு, போன் நன்றாக ஓடுகிறது, கேமரா மட்டும் 'இணைக்க முடியவில்லை' என்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரப்பட்டு வேறு கேமரா வாங்கிவிடாதீர்கள். வீட்டுக் கேமராக்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும்தான் வேலை செய்யும். புது ரவுட்டர்கள் பலவும் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் காட்டுகின்றன. போன் 5-இல் இருக்கும்போது சில கேமராக்கள் சேராமல் தடுமாறும்.

ரவுட்டர் செட்டிங்ஸுக்குப் போய் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள். 2.4-க்குப் பழைய ரவுட்டரில் இருந்த அதே பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால், பல நேரம் கேமரா தானாகவே ஒட்டிக்கொள்ளும். நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். சரிவரவில்லையா? போனை 2.4-இல் போட்டு, விபிஎன் (இணையத்தை வேறு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் ஆப்) இருந்தால் நிறுத்தி, விளக்கு சிமிட்டும்வரை கேமராவின் ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்து, ஆப்பில் புதிதாகச் சேருங்கள். ரவுட்டர் செட்டிங்ஸில் வைஃபை பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 என்றிருந்தால் டபிள்யூபிஏ2-க்கு மாற்றுங்கள். பழைய கேமராக்கள் பலவற்றுக்கு டபிள்யூபிஏ3 புரியாது.

இதையெல்லாம் கேமராவை ரவுட்டர் பக்கத்தில் வைத்தே செய்யுங்கள். அங்கே சேர்ந்து, வாசலில் மாட்டியதும் அறுந்தால் பெரும்பாலும் நடுவில் இருக்கும் சுவரோ தூரமோதான் காரணம். ரவுட்டரை ஹாலுக்கு நகர்த்திப் பாருங்கள்.

அப்புறம், கடலோர வீடு என்பதால் கேமராவுக்கு மின்சாரம் போகும் கேபிள் முனையையும் கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றில் அதன் உலோக முனையில் பச்சை பூத்திருந்தால் கேமராவுக்குப் போதிய மின்சாரம் போகாமல் போகலாம், அடிக்கடி அணைந்து எழும். பார்க்க வைஃபை கோளாறு போலவே இருக்கும். கேபிளை மாற்றினால் போதும்.