பிஸ்டன் வடிவமைப்புக்கான காப்புரிமை விண்ணப்பத்தில் "புதுமை இல்லை" என்று பரிசோதனை அறிக்கை வந்தால் எப்படிப் பதில் எழுதுவது?

கேள்வியின் சுருக்கம்: ஸ்வாஷ் பிளேட் வகை (சாய்ந்த தட்டு பிஸ்டன்களை முன்பின் நகர்த்தும்) ஆக்சியல் பிஸ்டன் பம்புக்கான பிஸ்டன், உடலைச் சுற்றிக் காடிகள் (வளையப் பள்ளங்கள்) வெட்டியிருக்கிறது. முதல் கிளெய்ம் (எதற்குக் காப்புரிமை வேண்டும் என்று சொல்லும் உரிமைக்கோரிக்கை), "உருளை வடிவ உடலும், அதன் வெளிப்பரப்பில் குறைந்தது ஒரு சுற்றுக்காடியும் கொண்ட ஹைட்ராலிக் பம்ப் பிஸ்டன்". முன்பே வெளியான டி1 என்ற ஆவணத்தை வைத்து இதற்குப் புதுமை இல்லை என்றும், டி1, டி2 என்ற இரண்டு ஆவணங்களையும் சேர்த்து, முதல் கிளெய்மைச் சார்ந்த துணைக் கிளெய்ம்களில் கண்டுபிடிப்புப் படி (துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாத முன்னேற்றம்) இல்லை என்றும் அறிக்கை சொல்கிறது. டி1-இல் இருப்பதோ வளைந்த அச்சு பம்ப் (சிலிண்டர் பிளாக்கே தண்டுக்குச் சாய்வாக அமைந்த வகை). "எங்கள் பிஸ்டனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையே" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிஸ்டனுக்குச் சம்பந்தம் இல்லாமல் இருக்கலாம், கிளெய்முக்கு இருக்கிறது. வளைந்த அச்சு பம்பின் பிஸ்டனில் பெரும்பாலும் பிஸ்டன் ரிங் உட்காரக் காடி இருக்கும். உங்கள் கிளெய்ம் "சுற்றுக்காடி" என்று மட்டும் சொல்கிறது. அதில் ரிங் இருக்கிறதா, எண்ணெய் நிற்கிறதா என்று சொல்லவில்லை. ஆகவே ரிங் காடியும் உங்கள் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. இந்த மறுப்பு சரியான மறுப்புதான். அதை எதிர்த்து வாதாடிக் கால அவகாசத்தை வீணாக்காதீர்கள்; கிளெய்மைத் திருத்துங்கள்.

முதல் வேலை, கிளெய்மைக் கூறு கூறாகப் பிரித்து ஒரு அட்டவணை போடுவது. ஒவ்வொரு கூறுக்கும் எதிரே டி1-இன் எந்தப் பத்தி, எந்தப் படம் அதைக் காட்டுகிறது என்று எழுதுங்கள். பரிசோதகர் சுட்டிய பத்தியோடு நிற்காமல் டி1 முழுவதையும் படியுங்கள். தேடல் அறிக்கையில் எக்ஸ் என்று குறித்த ஆவணம் தனியாகவே கிளெய்மைத் தாக்குகிறது. ஒய் என்றால் இன்னொன்றோடு சேர்ந்து தாக்குகிறது. ஏ என்றால் பின்னணி மட்டும். ஆனால் அந்த எழுத்துகள் நீங்கள் தாக்கல் செய்த கிளெய்முக்கு இட்டவை. திருத்திய கிளெய்முக்கு ஒரு ஏ ஆவணம் எக்ஸ் ஆகிவிடலாம், அதையும் இப்போதே பாருங்கள். நீங்களும் ஒரு தேடல் நடத்துங்கள். ஆக்சியல் பம்பு பிஸ்டன்கள் எஃப்04பி 1/124 வகைப்பாட்டில் இருக்கும். பொதுவான பம்பு பிஸ்டன்கள் எஃப்04பி 53/14-இல், எந்த இயந்திரத்துக்குமான பிஸ்டன்கள் எஃப்16ஜே 1-இல். ஹைட்ராலிக் மோட்டார்களுக்கு எஃப்03சி தனியாக இருக்கிறது. பம்பு பிஸ்டனும் மோட்டார் பிஸ்டனும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் அதைத் தவறவிடக்கூடாது.

அடுத்தது, எந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்வது என்பது. பல விண்ணப்பங்கள் இங்கேதான் கவிழ்கின்றன. துணைக் கிளெய்மில் "காடியின் ஆழம் 0.3 மி.மீ." என்று இருந்தால் அதை முதல் கிளெய்முக்குள் இழுத்துப் போட்டுவிட்டு, புதுமை வந்துவிட்டது என்று நினைக்கிறோம். புதுமை வரலாம், கண்டுபிடிப்புப் படி வராது. காடியின் வேலை, பிஸ்டனைச் சுற்றி அழுத்தத்தைச் சமப்படுத்துவது. பிஸ்டன் சற்றே சரிவாக இருந்து, உயர் அழுத்தப் பக்கம் பருமனாக அமைந்தால், பிஸ்டனுக்கும் அது ஓடும் துளையின் சுவருக்கும் நடுவேயுள்ள இடைவெளிக்குள் அழுத்தம் ஒரு பக்கம் கூடி, ஒரு பக்கம் குறைந்து, பிஸ்டனைச் சுவரோடு அழுத்திவிடும். ஹைட்ராலிக் லாக் என்பது இதுதான். காடி அந்த வித்தியாசத்தைக் கரைக்கிறது. ஆர இடைவெளி 10 மைக்ரான் இருக்கும்போது 0.3 மி.மீ. ஆழம் ஏற்கெனவே அதைப்போல் 30 மடங்கு. 0.2 ஆனாலும் 0.5 ஆனாலும் வேலை மாறாது. பலன் மாறாத எண்ணை எந்தப் பரிசோதகரும் வெறும் வடிவமைப்புத் தேர்வு என்றுதான் சொல்வார்.

காடியின் இடம் வேறு விஷயம். 20 மி.மீ. விட்டப் பிஸ்டனில் 350 பார் அழுத்தம் ஏறினால் அச்சு விசை சுமார் 11 கிலோ நியூட்டன். ஸ்வாஷ் பிளேட் 18 டிகிரி சாய்ந்திருந்தால் பக்கவாட்டு விசை சுமார் 3.6 கிலோ நியூட்டன். அது பிஸ்டனைத் துளைக்குள் சாய்த்து, துளையின் வாயிலும், பிஸ்டனின் உள்முனையிலும் அழுத்துகிறது. அழுத்தம் விழும் அந்த இடத்தில் காடி இருந்தால் எண்ணெய்ப் படலம் அறுபட்டுத் தேய்மானம் வரும்; காடியே இல்லாவிட்டால் லாக் வரும்; காடிகள் கூடினால் அடைப்பு நீளம் (கசிவைத் தடுக்கும் காடியில்லாப் பரப்பு) குறைந்து கசிவு ஏறும். மூன்று தேவைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. காடியை எங்கே வைத்தால் இந்த மோதல் தீர்கிறது என்று சொல்லும் கிளெய்முக்குத்தான் உயிர் இருக்கிறது. வளைந்த அச்சு பம்பில் பிஸ்டன் மேல் பக்கவாட்டு விசை மிகக் குறைவு. ஆகவே டி1 இந்தப் பிரச்சினையைச் சந்திக்கவே இல்லை. "சம்பந்தமே இல்லை" என்ற உங்கள் உணர்வுக்கு வாதமாக உரிய இடம் இது.

இதை எழுதும்போது ஒரு பொறி காத்திருக்கிறது. "பிஸ்டனின் முன்பின் ஓட்டம் முழுவதும் காடிகள் துளைக்குள்ளேயே இருக்கும்" என்று எழுதினால், அந்தக் கூறு பிஸ்டனையும் துளையையும் சேர்த்தே பொருள் தரும். பிஸ்டனுக்கு மட்டுமான கிளெய்மில் துளை இல்லை. வேறு பம்பில் போட்டால் அதே பிஸ்டனின் காடி வெளியே வரலாம். "பம்புக்கான பிஸ்டன்" என்ற சொல்லும் பல காப்புரிமை அலுவலகங்களில் "பம்புக்குப் பொருந்தக்கூடிய பிஸ்டன்" என்றே வாசிக்கப்படும். இரண்டு வழிகள் உண்டு: சிலிண்டர் பிளாக்கையும் பிஸ்டனையும் சேர்த்துப் பம்பாகக் கோருவது, அல்லது இடத்தைப் பிஸ்டனின் சொந்த நீளத்தோடு ஒரு விகிதமாகச் சொல்வது. முதல் வழி எளிது. ஆனால் உதிரிப் பிஸ்டன் மட்டும் விற்பவரைப் பிடிப்பது கடினமாகும். விகிதம் மூல விவரணையில் (முதலில் தாக்கல் செய்த விளக்க உரையில்) இருந்தால் நான் இரண்டாவதையே தேர்வேன்.

"இருந்தால்" என்பதை அழுத்திச் சொல்கிறேன். தாக்கல் செய்த நாளில் இல்லாத எதையும் பின்னால் சேர்க்க முடியாது. ஐரோப்பிய காப்புரிமை உடன்படிக்கையின் 123(2) பிரிவு இதில் மிகக் கண்டிப்பானது. அமெரிக்காவிலும் புதிய விஷயத்துக்கு இடமில்லை. படத்தை ஸ்கேல் வைத்து அளந்து விகிதம் எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அளவுக்கு வரைந்தது என்று சொல்லாத திட்டப்படத்திலிருந்து எடுத்த அளவு நிற்காது. இதில் ஒரு ஆறுதலும் உண்டு: பரிசோதகரும் டி1-இன் திட்டப்படத்தை அளந்து உங்கள் எண்ணை அதில் காட்ட முடியாது. அப்படிக் காட்டியிருந்தால் தயங்காமல் எதிர்த்து எழுதுங்கள்.

இன்னொரு வழுக்கல், உதாரணத்திலிருந்து பாதியை மட்டும் உருவி எடுப்பது. விவரணையில் "பந்துத் தலைப் பக்கம் 3 காடிகள், ஒவ்வொன்றும் 0.5 மி.மீ. அகலம், 4 மி.மீ. இடைவெளி" என்று ஒரே உதாரணமாக இருக்கிறது என்று வையுங்கள். அதில் "4 மி.மீ. இடைவெளி" மட்டும் கிளெய்முக்குப் போனால், அந்த எண் மற்றவற்றோடு பிணைந்ததா, தனியாக நிற்குமா என்ற கேள்வி வரும். பிணைந்தது என்றால் திருத்தம் தள்ளப்படும். "ரிங் இல்லாத காடி" என்ற எதிர்மறைச் சொல்லுக்கும் மூலத்தில் ஆதாரம் வேண்டும். "காடி துளைச் சுவரை நோக்கித் திறந்திருந்து எண்ணெய் நிரம்பி நிற்கிறது" என்று விவரணையில் இருந்தால், அந்த நேர்மறைச் சொற்களையே எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

எண் வரம்புகள் பற்றி. "பிஸ்டனுக்கும் துளைக்கும் இடைவெளி 8 முதல் 12 மைக்ரான்" என்று நீங்கள் கோர, முந்தைய ஆவணம் 5 முதல் 30 என்று சொன்னால், குறுகிய வரம்பு என்பதால் மட்டும் தப்ப முடியாது. கசிவு இடைவெளியின் மும்மடிக்கு ஏற்ப ஏறும் என்பது பாடநூல் விஷயம். 10 மைக்ரான் 20 ஆனால் கசிவு 8 மடங்கு. கசிவுக்கும் உராய்வுக்கும் நடுவே நல்ல புள்ளியைத் தேடுவது வழக்கமான பொறியியல் என்றுதான் பதில் வரும். அந்த வரம்புக்குள் எதிர்பாராத ஏதோ நடக்கிறது என்று காட்ட வேண்டும். அதற்கு உள்ளே மட்டும் சோதித்தால் போதாது. 8, 10, 12-ஓடு 6, 15 ஆகியவற்றையும் அதே எண்ணெய், அதே வெப்பநிலை, அதே வேகத்தில் சோதித்த தரவு தேவை. கூடவே, ஆர இடைவெளியா, விட்ட இடைவெளியா, எந்த வெப்பநிலையில் அளந்தது என்று மூலத்தில் இல்லாவிட்டால் தெளிவின்மை மறுப்பும் வரும். அது நியாயம்தான்: 20 மி.மீ. விட்டத்தில் வெப்பம் 60 டிகிரி ஏறினால் எஃகு சுமார் 14 மைக்ரான் விரியும், வெண்கலம் சுமார் 22.

இனி டி2-உடனான சேர்க்கை. உங்கள் துணைக் கிளெய்மில் பிஸ்டனுக்குள்ளே மூடிய குழி இருக்கிறது. டி2-இல் பின்பக்கம் திறந்த குழி. எடை குறைப்புக்கு என்று மட்டும் வாதிட்டால் தோற்பீர்கள், திறந்த குழியும் எடையைக் குறைக்கிறது. திறந்த குழியின் குறையைக் கணக்கோடு சொல்லுங்கள். 12 மி.மீ. விட்டம், 40 மி.மீ. ஆழம் என்றால் குழியில் 4.5 கன செ.மீ. எண்ணெய் வெளியேறாமல் தங்கும். 350 பாரில் அது சுமார் 2.3 சதவீதம் அமுங்கும், அதாவது ஒவ்வோர் ஓட்டத்திலும் 0.1 கன செ.மீ. 9 பிஸ்டன், 1500 சுற்று என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.4 லிட்டர் பாய்வு குறைகிறது. மூடிய குழி இதைத் தவிர்க்கும். ஆனால் மூடிய குழிப் பிஸ்டன்களும் நெடுநாளாகத் தெரிந்தவை. எனவே இதுவும் தனியாக நிற்காது.

காடியும் குழியும் ஒன்றையொன்று பாதிக்கின்றனவா என்பதே இங்கே கேட்க வேண்டிய கேள்வி. பாதிக்கின்றன. மூடிய குழிக்குள் எண்ணெய் அழுத்தம் இல்லை, வெளியே இருக்கிறது; 4 மி.மீ. எஃகுச் சுவர் உயர் அழுத்த முனையில் 2 முதல் 3 மைக்ரான் உள்வாங்கும். அந்த முனையில் இடைவெளி விரிந்து, மறுமுனை நோக்கிக் குறுகுகிறது. இந்தச் சரிவு பிஸ்டனை மையத்துக்குத் தள்ளும். ஆகவே அங்கே காடி தேவையில்லை, அடைப்பு நீளம் மிச்சம். திறந்த குழியில் உள்ளிருந்தும் அழுத்தம் தள்ளுவதால் இந்தப் பலன் கிடைக்காது. இப்படி ஒரு கூறு மற்றொன்றின் இடத்தைத் தீர்மானிக்கிறது என்றால் அது வெறும் கூட்டல் இல்லை. இந்தப் பலன் மூல விவரணையில் ஒரு வரியாவது இருந்தால், அல்லது அதிலிருந்து துறை அறிந்தவருக்குப் புலப்பட்டால், உங்கள் மிக வலுவான வாதம் இதுவே.

பதிலை ஐரோப்பிய முறைப்படி அடுக்கினால் எந்த அலுவலகத்திலும் தெளிவாக இருக்கும்: மிக நெருங்கிய ஆவணம் எது, வேறுபாடு எது, அதன் பலன் எது, அந்தப் பலன் தீர்க்கும் பிரச்சினை எது. பிறகு, துறை அறிந்தவர் டி2-ஐப் பார்த்து இதைச் செய்திருக்க "முடியுமா" என்பதை விட்டு, "செய்திருப்பாரா" என்பதற்குப் பதில் சொல்லுங்கள். அமெரிக்காவில் இதே வாதத்தை, இரண்டையும் சேர்க்கக் காரணம் இருந்ததா என்ற வடிவில் வைக்க வேண்டும். அங்கே வழக்கமான அவகாசம் 3 மாதம், கட்டணம் கட்டி 6 வரை நீட்டலாம். ஐரோப்பாவில் பெரும்பாலும் 4 மாதம். பரிசோதகரோடு நேர்காணல் கிடைத்தால், அறுத்த பிஸ்டனின் குறுக்குவெட்டுப் படம் ஒன்று பத்துப் பக்க வாதத்தின் வேலையைச் செய்யும்.

சோதனைத் தரவை இணைக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். விண்ணப்பம் 18 மாதத்தில் வெளியான பிறகு, நீங்கள் அனுப்பும் பதில்களையும் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். நைட்ரைடிங் நேரம், கிரைண்டிங் வரிசை, வெல்டிங் அமைப்பு எண்கள் போன்ற தயாரிப்பு ரகசியங்கள் வாதத்துக்குத் தேவையில்லை என்றால், அறிக்கையிலிருந்து அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டு அனுப்புங்கள்.