ஒசாக்கா மூணு நாள்: வந்த கேள்விகள், வாய்க்கு வந்த பதில்கள்

"சாப்பிடறதுக்குன்னே ஜப்பான் போறதா இருந்தா டோக்கியோவை விடுங்க, ஒசாக்கா போங்க"ன்னு சொன்னாலும் சொன்னேன், இன்பாக்ஸ் ரொம்பி வழியுது. ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தா ஒண்ணா சேத்துட்டேன். விலையெல்லாம் சுமாராத்தான் சொல்றேன், 100 யென்னுக்கு 60 ரூபான்னு வெச்சுக்கோங்க, பைசா கணக்கு பாக்குறவங்க அன்னன்னிக்கு ரேட்டைப் பாத்துக்கோங்க.

மூணு நாள் லீவு கிடைச்சிருக்கு. ஒசாக்கா, கியோட்டோ, நாரா, ஹிரோஷிமா, முடிஞ்சா டோக்கியோவும் பாக்கணும். பிளான் போட்டுத் தாங்க. (சேலம்)

இதுக்கு எதுக்கு பிளான், ரயில்வே டைம்டேபிள் போதுமே. ஒசாக்காவை விட்டு வெளிய ஒரே ஒரு ஊர், அவ்ளோதான். நாராவுக்கு நம்பாலேருந்து கின்டெட்சு ரயில்ல 40 நிமிஷம், 700 யென். கியோட்டோவுக்கு ஒசாக்கா ஸ்டேஷன்லேருந்து ஜேஆர்ல, அதாவது ஜப்பான் ரயில்வேல, அரை மணி நேரம், 600 யென். ரெண்டுல ஒண்ணு எடுத்துக்கோங்க. மிச்ச ரெண்டு நாள்ல ஒண்ணு ஊரோட வடக்கே கிட்டாவுக்கு, அதாவது உமேடா பக்கம், இன்னொண்ணு தெற்கே மினாமிக்கு, அதாவது நம்பா, டோட்டோன்போரி, ஷின்செக்காய். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் காலைல உமேடா, மத்தியானம் நம்பா, நைட்டு திரும்ப உமேடான்னு எழுதி அனுப்பிட்டு "ஓகேவா சார்"ங்கறாங்க, ஓகே இல்ல.

ஜேஆர் பாஸ் வாங்கிடலாமா?

வேண்டாம். முப்பதாயிரத்துக்குள்ள இருந்த 7 நாள் பாஸ், 2023 அக்டோபர்ல 50,000 யென் ஆயிடுச்சு. அதோட நீங்க தினம் ஏறப்போற மிடோசுஜி லைன் ஜேஆரே கிடையாது, மெட்ரோ, அதுல இந்த பாஸ் செல்லாது. ரயில், மெட்ரோ எல்லாத்துலயும் தட்டிட்டுப் போற இக்கோக்கா ப்ரீபெய்டு கார்டு ஒண்ணு வாங்கி 3000 யென் போட்டு வெச்சுக்கோங்க.

ஒசாக்கா எக்ஸ்போவுக்கு டிக்கெட் எங்க வாங்கணும்? (திருச்சி)

2025 அக்டோபர் 13 அன்னிக்கே முடிஞ்சுபோச்சுங்க. கேக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை தேடிப் பாக்கக்கூடாதா? எக்ஸ்போ ஆசை விடலைன்னா 1970 எக்ஸ்போ நடந்த பார்க்குக்குப் போங்க, ஒகமோட்டோ டாரோங்கற கலைஞர் செஞ்ச சூரிய கோபுரம் 70 மீட்டர் உயரத்துல இன்னும் நிக்குது. உள்ள போகணும்னா முன்பதிவு பண்ணிட்டுப் போங்க.

டோட்டோன்போரில பெரிய ஃபுகு மீன் விளக்கு தொங்குமே, அதுக்கு கீழ போட்டோ எடுக்க எந்த நேரம் நல்லது?

2020க்கு முன்னாடி. அந்தக் கடையையே மூடிட்டாங்க, விளக்கையும் இறக்கிட்டாங்க. கால் ஆட்டுற நண்டு போர்டு இருக்கு, கிளிக்கோ மிட்டாய்க் கம்பெனி போர்டுல ஓடுற ஆள் இருக்கார், போட்டோவுக்கு அது போதும். கிளிக்கோ ஆள் 1935லேருந்து ஓடிட்டிருக்கார், இப்ப இருக்கறது 2014ல வெச்ச எல்ஈடி.

நாங்க சுத்த சைவம். ஜப்பான் புத்த நாடுதானே, சைவம் ஈஸியா கிடைக்கும்னு சொல்றாங்க. உடான், மிசோ சூப் எல்லாம் வெஜ்தானே? (கும்பகோணம்)

யாருங்க சொன்னாங்க? அவங்க போன் நம்பர் இருந்தா குடுங்க, நானே பேசறேன். நாலு கடுதாசி வந்தா அதுல ஒண்ணு இதுதான்.

உடான்ல அந்தக் கோதுமை நூடுல்ஸ் சைவம். அது முங்கிக் கெடக்குற தண்ணி சைவம் இல்ல. அந்தத் தண்ணிக்குப் பேரு தாஷி. கொம்புன்னு ஒரு கடல்பாசியையும் கட்சுவோபுஷியையும் போட்டு எடுக்கறது. கட்சுவோபுஷின்னா வேற ஒண்ணும் இல்ல, நம்ம மாசிக்கருவாட்டோட அண்ணன். அதே சூரை மீனை வேகவெச்சு, புகை போட்டு, விறகுக்கட்டை மாதிரி காயவெச்சு, இழைப்புளில சீவுற மாதிரி சீவுவாங்க. நம்ம ஊர் சமையல்ல புளித்தண்ணி எப்படியோ அங்க தாஷி அப்படி, எதுலதான் இல்லைன்னு கேளுங்க.

நான் போன புதுசுல ஆபீஸ் பக்கத்துல ஒரு சின்ன உடான் கடை. "மாமிசம் வேண்டாம்"னு ஜப்பானீஸ்ல மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன், பெருமையா சொல்லிட்டு கிட்சுனே உடான் வாங்குவேன். மேல இனிப்பா பொரிச்ச டோஃபு மெதக்கும், சூப்பு வெளிர் தங்கக் கலர்ல இருக்கும். மூணு வாரம் தினம் அதேதான். ஒரு நாள் காசு குடுக்கும்போது திரை விலகி உள்ள தெரிஞ்சுது, அந்த அம்மா அண்டா நிறைய கொதிக்கிற தண்ணில தச்சுக்கடை மரச்சுருள் மாதிரி பழுப்பா எதையோ ரெண்டு கை அள்ளிப் போட்டாங்க. என்னன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே ஒரு சீவல் எடுத்து என் உள்ளங்கைல வெச்சாங்க, வாசனையே சொல்லிடுச்சு. அவங்க மேல தப்பே இல்ல. நான் மாமிசம் வேண்டாம்னேன், அவங்க போடல, மீனு அவங்க கணக்குல மாமிசத்துலயே வராது. 675ல டென்முன்னு ஒரு சக்கரவர்த்தி மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி இதையெல்லாம் சாப்பிடக்கூடாதுன்னு தடை போட்டார், புத்த மதம்தான் காரணம், அந்த லிஸ்ட்லயே மீன் கிடையாது. புத்த நாடு புத்த நாடுன்னு எனக்கு எழுதறவங்க எல்லாரும் இதை ஒரு தடவை படிங்க.

அதனால "வெஜிடேரியன்"னு மட்டும் சொல்லிட்டு உக்காராதீங்க. "கட்சுவோ தாஷி ஹைத்தே மஸ் கா"ன்னு கேளுங்க, மீன் தாஷி போட்டிருக்கான்னு அர்த்தம். இன்னும் நல்லது, மாமிசம், மீன், மீன் தாஷி மூணும் வேண்டாம்னு ஜப்பானீஸ்ல எழுதின சீட்டு ஒண்ணு பர்ஸ்ல வெச்சுக்கோங்க. மிசோ சூப், அகேதாஷி டோஃபு, சோபா நூடுல்ஸுக்குத் தொட்டுக்குற சாஸ், தோசை மாதிரி சுடற ஒக்கொனோமியாக்கியோட மாவு, சுருட்டின ஆம்லெட், எல்லாத்துலயும் இது உண்டு. காய்கறி டெம்புரா கேட்டா சாஸை ஒதுக்கிட்டு உப்பு தொட்டு சாப்பிடுங்க, எண்ணெயையும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. எதமாமேங்கற பச்சை சோயா, சுட்ட சக்கரவள்ளிக்கிழங்கு, அரிசிமாவு மோச்சி, கோன்பினிங்கற சின்ன சூப்பர்மார்க்கெட்ல வெறும் உப்பு போட்ட ஒனிகிரி சோத்து உருண்டை இதெல்லாம் பசி தாங்கும். ஒனிகிரி உள்ள ஊமேபோஷி ஊறுகாய் இருந்தா லேபிளைப் பாருங்க, சிலதுல அதுலயும் மீன் சாறு சேக்கறாங்க. உங்களுக்கு வெளியூர் நாள் கியோட்டோதான், நாரா இல்ல, ஏன்னா அங்க கோயில் சைவ சாப்பாடு ஷோஜின் ரியோரி கிடைக்கும், கொம்பும் காஞ்ச ஷிட்டாக்கே காளானும் போட்டே தாஷி எடுப்பாங்க. முன்னாடியே புக் பண்ணுங்க. ராத்திரிக்கு இந்தியன் ரெஸ்டாரன்ட் நிறைய இருக்கு, பல கடைல சமைக்கறது நேபாளிக்காரங்க, நாண் ரொட்டி தட்டை விட்டு வெளிய தொங்கும், பரவால்லாம இருக்கும்.

தக்கோயாக்கி எந்தக் கடைல பெஸ்ட்?

கூட்டத்துல உள்ளூர்க்காரங்க நிக்கிற எந்தக் கடையும். தக்கோயாக்கின்னா உள்ள ஆக்டோபஸ் துண்டு வெச்ச மாவு உருண்டை. சுடறது நம்ம பணியாரக்கல்லேதான், குழி மட்டும் நெருக்கமா இருக்கும், ஊசி மாதிரி ஒண்ணை வெச்சுக் கண்ணு மூடி முழிக்கறதுக்குள்ள திருப்பிடுவாங்க. 8 உருண்டை 600லேருந்து 800 யென். வெளிய ஆறின மாதிரி இருக்கும், உள்ள எரிமலை, முதல்ல ஓட்டை போட்டு ஆவி போகவிடுங்க, அப்புறம் நாக்கு வெந்துடுச்சுன்னு எனக்கு எழுதாதீங்க. நடந்துக்கிட்டே சாப்பிடாதீங்க, கடை முன்னாடியே நின்னு முடிச்சு தட்டை அங்கயே குடுங்க, தெருவுல குப்பைத்தொட்டி தேடினா கால்தான் வலிக்கும்.

குஷிகாட்சு சாஸ்ல ரெண்டாவது தடவை தொடக்கூடாதாமே, நிஜமா?

நிஜம். குஷிகாட்சுன்னா குச்சில குத்திப் பொரிச்சது, சாஸ் எல்லாருக்கும் பொது. கடிச்ச குச்சியைத் திரும்ப முக்காதீங்க, எச்சில் விவகாரம் நமக்குச் சொல்லியா தரணும்? சாஸ் பத்தலைன்னா கூட வைக்கிற முட்டைக்கோஸ் இலைல அள்ளி ஊத்திக்கலாம். இப்ப பல கடைல பாட்டில்தான். பொரிக்கிற எண்ணெய்ல மிருகக்கொழுப்பு கலக்கற கடைகள் உண்டு, ஹலால் பாக்குறவங்களும் கும்பகோணத்துக்காரங்களும் கேட்டுட்டு உக்காருங்க.

ஒசாக்கா கோட்டைக்கு உள்ள போகலாமா, வெளிய பாத்தா போதுமா? (நெல்லை)

வெளிய போதும். ஹிதேயோஷிங்கற தளபதி 1583ல கட்ட ஆரம்பிச்சது வேற, இப்ப நிக்கறது 1931ல எழுப்பின கான்கிரீட், உள்ள லிஃப்ட்டே இருக்கு, டிக்கெட்டும் 600லேருந்து 1200 யென் ஆக்கிட்டாங்க. காசு குடுக்காம பாக்க வேண்டியது கல்லு. சகுரா வாசல் உள்ள நுழைஞ்சதும் எதிர்ல ஆக்டோபஸ் கல்லுன்னு ஒண்ணு, 100 டன்னுக்கு மேல, ஒரே கல்லு ஒரு வீட்டுச் சுவர் அளவு. இந்த ஊர்ல கல்லுக்குக்கூட ஆக்டோபஸ்தான்.

ஆகஸ்ட்ல அம்மாவைக் கூட்டிட்டு வரேன், 68 வயசு, முட்டி வலி. எங்க தங்கலாம்?

முதல்ல மாசத்தை மாத்துங்க தம்பி. ஆகஸ்ட்ல 35 டிகிரி, சென்னை மாதிரியே வேர்க்கும், நடுவுல ஓபோன்னு முன்னோருக்குப் படைக்கிற பண்டிகை லீவுக் கூட்டம் வேற. நவம்பர்ல வாங்க. நம்பால, ஸ்டேஷன் பக்கத்துலயே ரூம் போடுங்க, கான்சாய் ஏர்போர்ட்லேருந்து நான்காய் ரயில் ஏறினா நேரா அங்கதான் இறங்கணும், முக்கால் மணி நேரம், 1000 யென் கிட்ட. உமேடா வேண்டாம், அந்த ஸ்டேஷன் அடில நானே ரெண்டு தடவை தொலைஞ்சிருக்கேன். எஸ்கலேட்டர்ல அம்மாவை வலது பக்கம் நிக்க வைங்க, டோக்கியோல இடது, இங்க வலது. அப்புறம் அம்மாவோட வரும்போதாவது ஒரு நாளைக்கு ஒரு பக்கம், சரியா?

கறிவேப்பிலை, தொக்கு, பருப்புப்பொடி கொண்டு போகலாமா?

பொடியும் தக்காளித் தொக்கும் தாராளமா. பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம், சிக்கன் ஊறுகாய் மூணும் வேண்டாம், ஏர்போர்ட்லயே எடுத்துடுவாங்க.

பசங்களுக்கு யுனிவர்சல் ஸ்டுடியோ தீம் பார்க் தவிர வேற என்ன இருக்கு? நாங்களும் சைவம்தான்.

கையூகான் மீன்காட்சியகம் போங்க, திமிங்கலச் சுறாவைப் பாத்து வாயப் பொளந்துடுவாங்க. இன்னொரு அரை நாள் இக்கேடா, உமேடாலேருந்து ஹான்க்யூ ரயில்ல 20 நிமிஷம். ஆண்டோ மொமொஃபுக்கு 1958ல இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் கண்டுபிடிச்சது அந்த ஊர்லதான், மியூசியத்துல 500 யென் குடுத்தா வெறும் கப்பு தருவாங்க, பசங்க அவங்க இஷ்டத்துக்கு அதுல கலர் அடிச்சு, சூப்பு டேஸ்ட்டும் மேல போடறதையும் அவங்களே சொல்லி மூடி வாங்கிக்கலாம். செவ்வாய்க்கிழமை லீவு. சூப்பு ஒண்ணும் உங்களுக்கு ஆகாது, கப்பை ஷோகேஸ்ல வைங்க.