25 கோடி ஆண்டுக்கு முன் கடல் எத்தனை டிகிரி இருந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்? அந்தச் சூடுதான் உயிர்களை அழித்ததா?

பெர்மியன் என்ற புவியியல் காலத்தின் முடிவில் நடந்த பேரழிவைக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். 25.19 கோடி ஆண்டுக்கு முன் நடந்தது அது.

தெர்மாமீட்டர் வேலையைச் செய்வது பல். விலாங்கு போன்ற உடல்கொண்ட கொனொடான்ட் என்ற சிறு பிராணியின் வாயில் இருந்த துணுக்குகள் அவை. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. சுண்ணாம்புக்கல்லை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் ஊறப்போட்டால் கல் கரையும், பாஸ்பேட்டாலான பல் தங்கும். சல்லடையில் அரித்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பொறுக்கி, பாஸ்பேட்டை வெள்ளி பாஸ்பேட்டாக மாற்றி, அதில் கனமான வகை ஆக்சிஜனான ஆக்சிஜன்-18 எவ்வளவு, இலேசான ஆக்சிஜன்-16 எவ்வளவு என்று அளக்கிறார்கள். ஆக்சிஜன்-16-க்கு ஆக்சிஜன்-18 இருக்கும் விகிதம் ஆயிரத்துக்கு ஒரு பங்கு குறைந்தால், கடல் 4 டிகிரிக்குச் சற்று அதிகமாகச் சூடேறியது என்று கணக்கு.

சிப்பி ஓடு எளிதாகக் கிடைக்குமே என்றால், மண்ணுக்கடியில் ஊறும் நீர் அதன் ஆக்சிஜனை மாற்றிவிடும். பாஸ்பேட் அவ்வளவு சுலபத்தில் விட்டுக்கொடுக்காது. ஆனாலும் நிறத்தைப் பார்க்க வேண்டும்: வெளிர் மஞ்சளாக இருந்தால் நல்லது, கறுத்திருந்தால் பூமிக்குள் வெந்துபோன பல். ஆற்று நீர் கலந்த கரையோரத்துப் பல்லும் ஏமாற்றும். நன்னீரில் ஆக்சிஜன்-18 குறைவு என்பதால் இல்லாத சூட்டைக் காட்டும்.

சீனாவின் மெய்ஷான் பாறைகளில் இப்படிக் கிடைத்த விடை, ஏறத்தாழ 8 டிகிரி உயர்வு. அங்குள்ள எரிமலைச் சாம்பலின் சிர்கான் என்ற கனிமப் படிகங்களின் வயதை வைத்துப் பார்த்தால், அழிவு சுமார் 60,000 ஆண்டுக்குள் முடிந்துவிட்டது. சைபீரியாவில் பீறிட்ட எரிமலைக் குழம்பு நிலக்கரிப் படுகைகளையும் சுட்டதில் வெளியான கார்பன் டை ஆக்சைடுதான் சூட்டின் மூலம்.

இனி இரண்டாவது கேள்வி. வெந்து செத்தன என்பதைவிட மூச்சுத் திணறிச் செத்தன என்பதே சரி. கடல்நீர் 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குப் போனால், அதில் கரையும் ஆக்சிஜன் லிட்டருக்குச் சுமார் 7.4 மில்லிகிராமிலிருந்து 6.2 ஆகும். இது மட்டுமென்றால் சமாளிக்கலாம். அதே 10 டிகிரியில் குளிர்ரத்தப் பிராணிக்குத் தேவைப்படும் ஆக்சிஜனோ ஏறக்குறைய இரட்டிக்கிறது! போதாததற்கு, சூடான மேல்நீர் கனம் குறைந்து மிதப்பதால் ஆழத்துக்குக் காற்று இறங்குவதும் தடைபடும்.

2018-இல் வெளியான ஒரு கணினி மாதிரிக் கணக்கீடு சூடு, ஆக்சிஜன் குறைவு இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தது. கடல் இழப்பில் பாதிக்கு மேல் இதனாலேயே விளங்கியது. வெப்பமண்டலத்தைவிடத் துருவப் பக்கமே அழிவு கடுமை என்றும் வந்தது. புதைபடிவங்களும் அதையே காட்டுகின்றன. வெப்பமண்டல உயிர்கள் துருவம் நோக்கி நகரலாம். குளிர்நீரிலேயே வாழ்ந்தவற்றுக்குப் போக்கிடம் இல்லை.